ஒன்பது முறை எழுதப்பட்ட பூச்சியம்: கையில் போட்ட ஊசிக்குழாய் வழி வந்த இரத்தக் கிருமித்தொற்று பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் எழுபது வயதைக் கடந்த, நீரிழிவு நோயுள்ள ஒரு தமிழர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, உடலில் நீர் வற்றிய நிலையில், சிங்கப்பூரின் அரசாங்க மருத்துவமனை ஒன்றுக்கு வந்தவர். நான்காம் நாள் வீடு திரும்பியிருக்க வேண்டிய அவர், இடது கையில் போட்டிருந்த ஊசிக்குழாய் வழியே இரத்தத்தில் கிருமித்தொற்று ஏறியதால் மேலும் இரண்டு வாரங்களுக்கு மேல் படுக்கையில் இருக்க நேர்ந்தது. வார்டில் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான தாதி என்ற முறையில் நிகழ்வை ஆராயும் வேலை எனக்கு வந்தது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ எழுதியிருக்கிறேன்.

முன்கூட்டியே ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும். மருந்தும் உப்புநீரும் ஏற்றக் கையின் இரத்தக்குழாய்க்குள் செருகிவைக்கும் இந்த ஊசிக்குழாயை இங்கே வார்டில் எவரும் அப்படி அழைப்பதில்லை. மருத்துவர், தாதி, உதவியாளர், அடிக்கடி வந்துபோகும் நோயாளி என எல்லாருக்கும் அது "பிளக்". இந்தக் கட்டுரையிலும் அது பிளக்காகவே இருக்கட்டும்.

நிகழ்ந்தது

முதல் நாள் அதிகாலை 2.30 மணியளவில் அவசரப் பிரிவில் இடது முழங்கை மடிப்பில் பிளக் போடப்பட்டது. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, கைகள் குளிர்ந்திருந்தன. அந்த நிலையில் எளிதாக அகப்படும் பெரிய இரத்தக்குழாய் அங்கேதான் இருக்கும் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கையை மடக்கி நீட்டும்போதெல்லாம் குழாய் உள்ளே போய் வெளியே வரும் இடமும் அதுதான். தோலின் மேலிருக்கும் கிருமி அந்த அசைவோடு சேர்ந்து உள்ளே இறங்கும். ஒட்டிய பட்டையின் மேல் போட்ட தேதியோ நேரமோ எழுதப்படவில்லை.

காலை 6 மணிக்கு வார்டுக்கு வந்தார். பகல் முழுவதும் உப்புநீர் ஏறியது. இரவில் இடம் புரியாமல் தடுமாறினார். வயதானவர்களுக்கு மருத்துவமனையில் முதல் இரவு பெரும்பாலும் அப்படித்தான். குழாயைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். பிடுங்கிவிட்டால் அந்தக் கைகளில் இன்னொரு பிளக் போடுவது பெரும்பாடு என்று எண்ணிய இரவுப்பணித் தாதி, மணிக்கட்டிலிருந்து புயம் வரை மீள்துணிக் கட்டு (இழுத்தால் நீளும் துணிப்பட்டை) ஒன்றைச் சுற்றினார். நோயாளியின் மேலுள்ள அக்கறையால் செய்தது அது. மருந்து செலுத்தும் முனை மட்டும் ஒரு சிறு வால்போல மணிக்கட்டுப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் நண்பகலுக்குள் கஞ்சி குடித்தார், அது வயிற்றில் தங்கியது. உப்புநீர் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு அந்தப் பிளக் வழியாக எந்த மருந்தும் போகவில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று விட்டுவைக்கப்பட்டு, அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு பணிநேரத்திலும் சிறிது உப்புநீர் மட்டும் அந்த வால் வழியே செலுத்தப்பட்டது. மூன்றாம் நாள் மாலை தொடங்கிக் கை வலிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவர் சொன்ன விதம் பற்றிப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். நான்காம் நாள் காலை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் சற்றுக் குறைந்திருந்ததால் ஒரு நாள் தள்ளிப்போயிற்று.

ஐந்தாம் நாள் அதிகாலை நான்கு மணிக்கு நடுக்கம் வந்தது. உடல் வெப்பம் 38.9 செல்சியஸ், மேல் இரத்த அழுத்தம் 96. அழைக்கப்பட்ட இளநிலை மருத்துவர் முதலில் நுரையீரலையும் சிறுநீரையும் சந்தேகித்தார். முதியவருக்குக் காய்ச்சல் என்றால் யாரும் முதலில் தேடும் இடங்கள் அவை. கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு இடங்களிலிருந்து இரத்தம் எடுக்க வேண்டும். வலக்கையில் ஒருமுறை எடுத்தாயிற்று, இரண்டாவதுக்கு அங்கே இடம் அகப்படவில்லை. இடக்கையில் "நரம்பு" கிடைக்கிறதா என்று பார்க்கத்தான், ஐந்து மணிக்குச் சற்று முன், அன்றிரவுத் தாதி கட்டைப் பிரித்தார். மூன்று சுற்றுப் பிரித்ததுமே வாடை வந்ததாக என்னிடம் சொன்னார். உள்ளே ஒட்டுப்பட்டையின் ஒரு மூலை எழும்பி ஈரமாக இருந்தது, குழாய் நுழையும் இடத்தில் மஞ்சள் நிறச் சீழ், அங்கிருந்து புயத்தை நோக்கி ஒரு சிவப்புக் கோடு, தொட்டால் விரலடியில் கயிறு போலக் கெட்டியான இரத்தக்குழாய். பிளக் போட்டு 98 மணி நேரம் கடந்திருந்தது. அதில் கடைசி 65 மணி நேரம் அதற்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

பிளக் உடனே அகற்றப்பட்டது. அன்று மாலையே ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. பின்னர் இரத்தத்திலும் சீழிலும் ஒரே கிருமி உறுதியானது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதிலும் வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகை. இந்தக் கிருமி ஒன்றும் அந்நியமானதன்று. பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரின் மூக்கில் தீங்கின்றிக் குடியிருப்பது. இரத்தத்துக்குள் இறங்கினால் கதை வேறு: இதய அடைப்பிதழிலும் முதுகெலும்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும், உரிய சிகிச்சை கிடைத்தும் ஐந்தில் ஒருவரை இது கொண்டுபோய்விடுகிறது. ஆகவே மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. இரத்தத்தில் கிருமி இல்லை என்று உறுதியான நாளிலிருந்து குறைந்தது 14 நாள் இரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்த வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செஃபசோலின் என்ற கிருமிக்கொல்லி, அந்தக் கணக்கில் 42 வேளை மருந்து, அதற்காக மீண்டும் மீண்டும் புதிய பிளக். இதய ஒலியலைச் சோதனையில் கோளாறு தெரியவில்லை. முதுகு வலிக்கிறதா என்று நாள்தோறும் கேட்டோம்; தமிழில் கேட்டோம்.

"கை காந்துது"

மூன்றாம் நாள் மாலைப் பதிவில் ஒரு வரி இருக்கிறது: "நோயாளி வெப்பமாக உணர்கிறார், மின்விசிறி கூட்டப்பட்டது." நான்காம் நாள் மாலையிலும் ஏறத்தாழ அதே வரி, கூடவே "அமைதியின்றி இருக்கிறார், கட்டை அவிழ்க்க முயல்கிறார்" என்ற குறிப்பு. குளிர்சாதனம் இல்லாத, மின்விசிறி மட்டும் சுழலும் சி வகுப்பு வார்டில் மாலை வேளையில் புழுங்குகிறது என்று ஒருவர் சொல்வது இயல்பே. படித்தபோது நானும் அந்த வரியைத் தாண்டித்தான் போனேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் அது உறுத்தியது.

அன்று மாலை அவர் அருகில் இருந்த உதவியாளர் ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்கு வரும் தமிழ்ப்பெண். அவரிடம் உட்கார்ந்து கேட்டேன். பெரியவர் சொன்ன சொற்கள் அவருக்கு அப்படியே நினைவிருந்தன: "தங்கச்சி, கை காந்துது. இந்தக் கட்டைக் கொஞ்சம் அவுத்துவிடு." அவர் அதைப் பணியிலிருந்த மலாய்த் தாதியிடம் "டியா சாக்காப் பானாஸ்" என்று சொல்லியிருக்கிறார், சூடாக இருக்கிறது என்கிறார், அவ்வளவே. தாதி அதை ஆங்கிலத்தில் பதிந்தார், விசிறியின் வேகத்தைக் கூட்டினார். மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை, அலட்சியமும் காட்டவில்லை. ஆனால் "காந்துது" என்ற சொல்லில் இருந்த எரிச்சலும் வலியும் தமிழிலிருந்து மலாய்க்கும் மலாயிலிருந்து ஆங்கிலத்துக்கும் போகிற வழியில் உதிர்ந்துவிட்டன, எஞ்சியது வெப்பம் மட்டும். "கை" என்ற சொல்லும் எங்கோ காணாமற்போயிற்று. அழற்சியின் முதல் அறிகுறி நோயாளியின் வாயாலேயே இரண்டு மாலைகள் நம்மிடம் சொல்லப்பட்டது. இரண்டு முறையும் நாம் விசிறியைக் கூட்டினோம்.

மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். ஒப்புதல் படிவத்துக்கு, அறுவைக்கு முன், மரணச் செய்தி சொல்ல என்று பெரிய தருணங்களுக்கு அதை ஏற்பாடு செய்கிறோம். வலியைச் சொல்லும் சிறு சொற்களுக்கு ஏற்பாடு ஏதும் இல்லை. தமிழ் முதியவர்கள் வெறுமனே "வலிக்குது" என்று நிறுத்துவது குறைவு. காந்துகிறது, கடுக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மதமதப்பாக இருக்கிறது, மரத்துவிட்டது என்று பிரித்துச் சொல்வார்கள். பிளக் போட்ட கையைப் பற்றி இவற்றுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு செய்தி தருகிறது. காந்தினால் அழற்சியைத் தேட வேண்டும். விண்விண்ணென்று தெறித்தால் சீழ் கட்டியிருக்கக்கூடும். மதமதப்பும் கனமும் என்றால் நீர் குழாய்க்கு வெளியே தசையில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மரத்துப்போனதென்றால் கட்டு இறுகியிருக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த இளம் தமிழ்த் தாதியர் சிலருக்கே இவற்றில் பாதி புரிவதில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. என் மகளுக்கும் "காந்துது" தெரியவில்லை.

பார்க்காமல் போட்ட மதிப்பெண்

பிளக் போட்ட இடத்தை ஒவ்வொரு பணிநேரத்திலும் பார்த்து 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் பதிய வேண்டும். 0 என்றால் வலியும் சிவப்பும் வீக்கமும் இல்லை. 2 என்றால் அழற்சி தொடங்கிவிட்டது, பிளக்கை எடுத்துவிட வேண்டும். கட்டுச் சுற்றிய முதல் இரவிலிருந்து நான்காம் நாள் மாலை வரை ஒன்பது பணிநேரங்கள், ஒன்பது பதிவுகள், ஒன்பதும் 0. ஏழு வெவ்வேறு தாதியர் பதிந்தவை. அந்த ஒன்பது முறையில் ஒருமுறைகூடக் கட்டுப் பிரிக்கப்படவில்லை.

இதைக் கேட்ட உயரதிகாரி ஒருவர் உடனே "பொய்ப் பதிவு" என்றார். எழுவரிடமும் தனித்தனியே பேசிய பிறகு நான் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. கணினிப் படிவத்தில் 0 முதல் 5 வரை தேர்ந்தெடுக்கலாம்; "பார்க்க இயலவில்லை" என்ற தெரிவு அங்கே இல்லை. வெற்றாக விட்டால் படிவம் மூடாது. கட்டு சுத்தமாக இருக்கிறது, இரத்தமோ நீரோ கசியவில்லை, முந்தைய பதிவும் 0. இந்த நிலையில் 0 போடுவது ஏமாற்று வேலையாக யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் கட்டைப் பிரிக்க நினைத்ததாகவும், அப்போதுதான் உறங்கியவரை எழுப்பினால் மறுபடி தடுமாறுவார் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். இன்னொருவர் சொன்னதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது: மூன்றாம் நாள் இரவு உப்புநீர் செலுத்தும்போது வழக்கத்தைவிடச் சற்று அழுத்த வேண்டியிருந்தது, பெரியவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் அதைப் பதிய ஒரு கட்டம் இல்லை என்பதால் பணி மாறும்போது வாய்மொழியாகச் சொன்னார். காலையில் இருபதுக்கு மேற்பட்ட படுக்கைகளின் செய்தியைக் கேட்டவருக்கு அது நினைவில் நிற்கவில்லை.

அந்த வால்தான் எல்லாரையும் ஏமாற்றியது என்பது என் எண்ணம். கட்டுக்கு வெளியே முனை நீட்டிக்கொண்டிருக்காவிட்டால், உப்புநீர் செலுத்தவாவது ஒவ்வொரு முறையும் கட்டைப் பிரித்திருப்பார்கள். வசதியாக அமைந்த அந்த முனை, இடத்தைப் பார்க்காமலே வேலையை முடிக்க வழி செய்தது. இறங்கிய ஒவ்வொரு சொட்டும், அழற்சி கண்ட குழாயினுள் இருந்ததை உள்ளே தள்ளியிருக்கும்.

கை சுத்தம் குறித்து எனக்குப் பெரிய ஐயம் எழவில்லை. நான் பார்த்தவரை உப்புநீர் செலுத்துமுன் கைகள் துடைக்கப்பட்டன, முனையும் சாராயத்துணியால் தேய்க்கப்பட்டது. அதற்குரிய பதினைந்து விநாடியை எல்லாரும் எண்ணினார்களா என்பது வேறு கேள்வி. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வழிகாட்டியாக வெளியிட்ட கைச் சுத்தத்தின் ஐந்து தருணங்கள் எங்கள் வார்டில் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் படமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. கண் எப்போது எங்கே போக வேண்டும் என்பதற்குப் படம் கிடையாது.

இதில் எங்கள் ஊர் வரலாற்றுக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைக்கிறேன். 2003-இல் சார்ஸ் என்ற கடும் மூச்சுத்தொற்று நோய் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் சுகாதார ஊழியர்கள். அதைக் கண்ட தலைமுறை எங்களுக்குப் பாடம் நடத்தியது. தொற்று என்றாலே முகக்கவசம், அங்கி, வெப்பமானி, தனியறை, வெளியிலிருந்து வரும் பகைவன் என்றுதான் மனம் ஓடுகிறது. கொவிட் அந்தப் பழக்கத்தை இன்னும் ஆழப்படுத்தியது. 2015-இல் ஒரு சிறுநீரக வார்டில் 25 நோயாளிகளுக்குக் கல்லீரல் அழற்சி சி பரவிய நிகழ்வுக்குப் பிறகு ஊசிமருந்து கையாளும் முறையில் கவனம் கூடியது உண்மை. ஆயினும் நோயாளியின் தோலிலேயே குடியிருந்து, நாமே போட்ட குழாயோரம் மெல்ல இறங்கும் கிருமிக்கு இன்றைக்கும் தலைப்புச்செய்தி கிடையாது.

மணிக்கணக்கும் கண்காணிப்பும்

ஆய்வுக் கூட்டத்தில் பலர் கேட்டது இது: முன்பெல்லாம் 72 முதல் 96 மணி நேரத்துக்கு ஒருமுறை பிளக்கை மாற்றுவோமே, அந்த விதி இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திராமல் இருந்திருக்கலாம், அல்லது இதே அளவில் நடந்திராது. ஆனால் அந்த விதி காரணமில்லாமல் கைவிடப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் 3,283 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிய குழுவிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றிய குழுவிலும் அழற்சி கண்டவர்கள் ஒரே அளவில், 7 விழுக்காடாகவே இருந்தார்கள். கடிகாரத்துக்காக ஒருவரை மறுபடி குத்துவது வீண் என்பது அதிலிருந்து தெரிந்தது. அந்த முடிவோடு ஒட்டிய நிபந்தனையைத்தான் நாம் கோட்டைவிட்டோம்: கடிகாரத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் கண் உட்கார வேண்டும். தவிர, அவசரத்தில், தூய்மை முழுமையாக உறுதிப்படாத சூழலில் போட்ட குழாயை 48 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்ற தனி அறிவுரை இன்றும் உண்டு. எங்கே, எப்போது போட்டது என்பதே பட்டையின் மேல் எழுதப்படாத நிலையில் அதை எவரும் கணக்கிட்டிருக்க முடியாது.

நிகழ்வன்று காலையில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது கோவில் கயிறு. பெரியவர் மணிக்கட்டில் பழுப்பேறிப்போன சிவப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தார். நனைந்து நனைந்து காய்ந்தது. "இதிலிருந்துதான் வந்திருக்கும்" என்று இரண்டு பேர் சொல்லக் கேட்டேன். கயிறு இருந்தது வலக்கையில்.

மகளிடம் சொன்னது

நடந்ததைக் குடும்பத்திடம் மறைக்காமல் சொல்வது எங்கள் விதி. சிறப்பு மருத்துவரும் நானும் பெரியவரின் மகளை ஒரு சிறு அறையில் சந்தித்தோம். மருத்துவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். மகள் இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க தமிழ்லயே சொல்லுங்க" என்றார். சொன்னேன். பிளக் தேவைப்படாமல் இருந்த நாள் கணக்கு, பிரிக்காத கட்டு, அப்பா சொல்லியும் நாங்கள் தவறாகப் புரிந்துகொண்ட சொல், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் அழவில்லை. நான்காம் நாள் மாலை கஞ்சி ஊட்டும்போது ஒரு வாடை அடித்ததாகவும், மருந்து வாடை என்று நினைத்ததாகவும் சொன்னார். "மிஸ்ஸிங்க (தாதியர்) எல்லாம் ஓடிக்கிட்டே இருந்தாங்க. சும்மா சும்மா கூப்பிட்டா அப்பாவ சரியா பாத்துக்க மாட்டாங்களோன்னு பயம்." பிறகு கேட்டார்: "அன்னிக்கு சாயங்காலமே பிரிச்சுப் பாத்திருந்தா இவ்வளவு ஆயிருக்காதுல்ல?" மருத்துவர் என்னைப் பார்த்தார். "ஆயிருக்காதுன்னுதாம்மா நினைக்கிறேன்" என்று சொன்னேன். அந்தப் பதில் கோப்பிலும் பதிவாகியிருக்கிறது. இருக்க வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அதன் பின் மாறியவை

எழுவரில் யார்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படவில்லை. ஒருவர் தவறியிருந்தால் அவரைத் திருத்தலாம். அடுத்தடுத்து ஏழு பேர் ஒரே மாதிரி செய்தால் அது வேலை அமைந்திருக்கும் முறையைப் பற்றிய செய்தி.

பிளக்கின் மேல் மீள்துணிக் கட்டுச் சுற்றுவது எங்கள் வார்டில் நிறுத்தப்பட்டது. இழுத்துப் பிடுங்கும் நோயாளிக்கு வலைபோன்ற உறையை மாட்டுகிறோம். அதை ஒதுக்கினால் ஒளி ஊடுருவும் பட்டையின் கீழ் இடம் முழுவதும் தெரியும். 24 மணி நேரமாகப் பயன்படாத பிளக்கை எடுத்துவிடலாமா என்று மருத்துவரைக் கேட்கும் பொறுப்பு காலைப்பணித் தாதிக்குத் தரப்பட்டிருக்கிறது. "எதற்கும் இருக்கட்டும்" என்ற பதில் ஏற்கப்படாது. எதற்கு என்று சொல்ல வேண்டும். இதில் இளநிலை மருத்துவர்கள் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. நள்ளிரவில் மறுபடி பிளக் போட வரப்போவது அவர்கள்தானே, அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது.

வலிச் சொற்களுக்கு ஒரு பக்க அட்டை ஒன்று தயாரித்தோம். தமிழ்ச் சொல், அதை எப்படி ஒலிப்பது, எதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வரிசை. உதவியாளர்தான் பாதிச் சொற்களைத் தந்தார்; "குடையுது" என்ற சொல்லை நான் மறந்தே போயிருந்தேன். மலாய்க்கும், சீன முதியவர்கள் பலர் பேசும் ஹொக்கியெனுக்கும் இதேபோல் செய்ய அந்தந்த மொழித் தாதியர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

படிவத்தில் "பார்க்க இயலவில்லை" என்ற தெரிவு சேர்க்கப்பட்டது. அதைத் தேர்ந்தால் காரணம் எழுத வேண்டும், அடுத்த பணிநேரத் தாதியின் திரையில் அது சிவப்பாகத் தெரியும். முதல் வாரத்தில் அது பலமுறை பயன்பட்டதைப் பார்த்த மேலாளர், வார்டின் தரம் இறங்கிவிட்டதோ என்று கேட்டார். முன்பு அந்த இடத்தில் எல்லாம் 0 இருந்திருக்கும் என்று சொன்னேன்.

அவசரப் பிரிவில் போடும் பிளக்குக்குத் தேதியும் நேரமும் அச்சிட்ட ஒட்டுத்தாள் வேண்டும் என்ற எங்கள் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. அதுவரை, நோயாளியை மேலே அனுப்புவதாக அவர்கள் தொலைபேசியில் சொல்லும்போதே நேரத்தைக் கேட்டு வாங்கி, ஆள் வந்து சேர்ந்ததும் பட்டையின் ஓரத்தில் நீல மையால் நாங்களே எழுதிவிடுகிறோம்.